தோல்வியின் பொறுப்பு யாருடையது? தளத்தாவல் நிகழ்பட ஆட்டங்களில் இன்பமும் எரிச்சலும்

ஆய்வுச்சுருக்கம்

தளத்தாவல் வகை நிகழ்பட ஆட்டங்களில் ஆடுபவர் மீண்டும் மீண்டும் தோற்கிறார். அத்தோல்வி சில ஆட்டங்களில் இன்பத்திற்கும் வேறு சிலவற்றில் எரிச்சலுக்கும் காரணமாகிறது. இவ்வேறுபாட்டைக் கடினத்தின் அளவைக் கொண்டு விளக்குவதே பொதுவழக்கு. அவ்விளக்கம் போதாது என்றும், தோற்றதற்குத் தானே பொறுப்பு என ஆடுபவர் ஏற்க முடிகிறதா என்பதே முதன்மையான வினா என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. சூப்பர் மாரியோ பிரதர்ஸ், சோனிக், செலஸ்ட் முதலிய ஆட்டங்கள் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நிகழ்பட ஆட்டம், தளத்தாவல், தோல்வி, நேர்மை, கடினம், ஆட்ட வடிவமைப்பு

முன்னுரை

தெருவில் ஆடும் சிறுவரிடையே விதியை வளைப்பவரைச் சுட்ட ‘அழுகுணி ஆட்டம்’ என்றொரு வழக்கு உண்டு. ஒருவர் தோற்றுவிட்டார் என்பதற்காக இச்சொல் எழுவதில்லை. தோற்ற விதம் சரியில்லை என்னும்போதே எழுகிறது. எதிரில் மனிதர் இல்லாத ஆட்டத்திலும் இக்குற்றச்சாட்டு எழுவதுண்டு. திரையில் ஓடும் பாத்திரம் பள்ளத்தில் விழுந்ததும், ‘நான் பொத்தானை அழுத்தினேன், அது தாவவில்லை’ என்று ஆடுபவர் இயந்திரத்தோடு வழக்காடுகிறார். அவ்வழக்கில் அவர் பக்கம் நியாயம் இருக்கும் இடங்கள் எவை, இல்லாத இடங்கள் எவை என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

மேடைகள், படிகள், பள்ளங்கள் ஆகியவற்றின்மீது பாத்திரத்தை ஓடவும் தாவவும் செய்து இலக்கை அடையும் ஆட்டங்கள் ஆங்கில வழக்கில் ‘பிளாட்ஃபார்மர்’ எனப்படுகின்றன. இக்கட்டுரையில் அவை தளத்தாவல் ஆட்டங்கள் எனக் குறிக்கப்படும். 1981ஆம் ஆண்டு நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட டாங்கி காங் இவ்வகையின் தொடக்கக்கால ஆட்டங்களுள் முதன்மையானது. ஷிகெரு மியாமோட்டோ வடிவமைத்த அவ்வாட்டத்தில், உருண்டுவரும் பீப்பாய்களைத் தாவிக் கடப்பதே ஆடுபவரின் முதன்மைப் பணி.

மனிதர் பொதுவாகத் தோல்வியைத் தவிர்க்கவே விரும்புகின்றனர்; ஆயினும் தோல்வி உறுதி என்று தெரிந்தே ஆட்டங்களை நாடுகின்றனர். ஜெஸ்பர் யூல் 2013ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் இதனைத் ‘தோல்வியின் முரண்’ என்று அழைத்து, அவலநாடகத்தை விரும்பிக் காணும் முரணோடு ஒப்பிடுகிறார். இம்முரணுக்கு மிஹாய் சிக்செண்ட்மிஹாயியின் ‘பாய்வுநிலை’க் கோட்பாட்டிலிருந்து ஒரு விடை தருவது வழக்கமாகிவிட்டது. அறைகூவல் திறனைவிட மிகுந்தால் பதற்றமும் குறைந்தால் சலிப்பும் தோன்றும். இரண்டும் ஒத்திருக்கையில் ஆடுபவர் ஆட்டத்தில் ஒன்றிவிடுவார் என்பது அவ்விடை. இது தவறன்று. ஆனால், ஒரே திறனுடைய ஒருவர் ஓர் இடத்தில் நூறு முறை தோற்றும் மகிழ்ச்சியோடு தொடர்வதையும், வேறோர் ஆட்டத்தில் ஐந்தாவது தோல்வியிலேயே கருவியை வீசி எறிவதையும் இக்கோட்பாடு விளக்குவதில்லை. தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகளுள் பெருமிதத்தையும் வெகுளியையும் இவ்விடத்தில் பொருத்திக்காட்டும் எண்ணம் தமிழ் ஆய்வாளருக்கு எழக்கூடும். அப்பொருத்தம் எளிதில் கிடைப்பதாலேயே அதனை ஐயத்தோடு நோக்கவேண்டியுள்ளது. இங்கு அதற்குள் செல்லவில்லை.

தாவல் என்னும் வினை

டாங்கி காங்கில் தாவத் தொடங்கியபின் திசையை மாற்ற இயலாது. 1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் இதனை மாற்றியது. பொத்தானை நெடுநேரம் அழுத்தினால் உயரத் தாவலாம். சட்டென விட்டால் தாழ்வாகத் தாவலாம். காற்றில் இருக்கும்போதே ஓரளவு முன்னும் பின்னும் நகரலாம். ஓடிவந்து தாவினால் தாவலின் உயரமும் கூடும். புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்ட உடல் எதுவும் நடுவானில் இவ்வாறு திரும்புவதில்லை. ஆயினும் ஆடுபவர் எவரும் இதனை இயற்கைக்கு மாறானது என எண்ணுவதில்லை. ‘இயல்பாக இருக்கிறது’ என்றே கூறுகின்றனர். கையின் எண்ணம் திரையில் தடையின்றி வினையாவதையே அவர்கள் இயல்பு என்னும் சொல்லால் குறிக்கின்றனர் எனக் கொள்ளலாம்.

இதிலிருந்து, காற்றில் திசைமாற்ற இயலாத ஆட்டங்கள் யாவும் எரிச்சலூட்டுபவை என முடிவுகட்டுவது பிழை. கொனாமி நிறுவனத்தின் காஸில்வேனியா (1986) ஆட்டத்தில் தாவலின் பாதை தரையை விட்டு எழும்போதே முடிவாகிவிடுகிறது. அங்குத் தாவல் என்பது ஓர் உறுதிமொழி போன்றது. கொடுத்தபின் மாற்ற இயலாது. இதனை உணர்ந்த ஆடுபவர், தாவுவதற்கு முன் நின்று கணிக்கப் பழகுகிறார். ஆட்டத்தின் மெதுவான நடைக்கும் அச்சச்சூழலுக்கும் அது பொருந்தியும் வருகிறது. சிக்கல் எழும் இடம் வேறு. அவ்வாட்டத்தில் பகை தீண்டினால் பாத்திரம் பின்னோக்கித் தூக்கி எறியப்படுகிறது. பின்னால் பள்ளம் இருந்தால் உயிர் போகிறது. உயிர்க்கோட்டில் ஒரு சிறு பகுதியை மட்டுமே குறைக்கவேண்டிய அடி, நிற்கும் இடத்தின் காரணமாக மரணமாகிறது. ஆடுபவர் ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு தாவலுக்கு உரியது. இந்தத் தூக்கி எறிதலோ அவரிடமிருந்து கட்டுப்பாட்டைப் பறித்துக்கொண்டு தண்டிக்கிறது. ஒரே ஆட்டத்தின் இரு விதிகளுள் ஒன்று மதிக்கப்படுவதும் மற்றொன்று வசைபாடப்படுவதும் இதனால்தான்.

காண்பதற்குக் கிடைக்கும் காலம்

கண்ணால் கண்ட ஒன்றுக்குக் கையால் எதிர்வினையாற்ற மனிதருக்கு ஏறத்தாழ கால் நொடி தேவை. நொடிக்கு 60 சட்டகங்கள் ஓடும் ஆட்டத்தில் இது 15 சட்டகங்களுக்குச் சமம். எனவே, ஓர் இடர் திரையில் தோன்றியதிலிருந்து பாத்திரத்தை அடைவதற்குள் கால் நொடிக்கும் குறைவான காலமே இருக்குமாயின், அவ்விடத்தில் திறனுக்கு வேலையில்லை. முன்பு செத்த நினைவுக்கு மட்டுமே வேலை உண்டு.

சூப்பர் மாரியோ பிரதர்ஸின் திரை 256 படப்புள்ளிகள் அகலமுடையது. முழு வேகத்தில் ஓடும் மாரியோ ஒரு சட்டகத்திற்கு ஏறத்தாழ இரண்டரைப் படப்புள்ளிகள் நகர்கிறார். அவர் திரையின் நடுப்பகுதியை ஒட்டியே இருப்பதால் முன்னால் தெரியும் தொலைவு ஏறத்தாழ 128 படப்புள்ளிகள். அசையாமல் நிற்கும் ஓர் இடரை அடைய 51 சட்டகங்கள், அதாவது முக்கால் நொடிக்குச் சற்று மேல் கிடைக்கிறது. கண்டு, முடிவெடுத்து, அழுத்த இது போதும்.

சேகா நிறுவனத்தின் சோனிக் த ஹெட்ஜ்ஹாக் (1991) வேகத்தையே தன் கவர்ச்சியாக முன்வைத்த ஆட்டம். மெகா டிரைவ் கருவியில் அதன் திரை 320 படப்புள்ளிகள் அகலம். சமதரையில் சோனிக்கின் இயல்பான உச்சவேகம் சட்டகத்திற்கு 6 படப்புள்ளிகள். நடுவிலிருந்து 160 படப்புள்ளிகளைக் கடக்க 27 சட்டகங்களே ஆகும். அரை நொடிகூட இல்லை. எதிர்வினைக்கான கால் நொடியைக் கழித்தால் சிந்திக்க எஞ்சுவது மிகச் சிறிது. எதிரே வருவது அசையும் பகையாயின் அதுவும் இல்லை. வடிவமைத்தோர் இதனை அறிந்தே இருந்தனர் என்பதற்கு வளையங்களே சான்று. கையில் ஒரு வளையம் இருந்தாலும் அடிபட்ட சோனிக் சாவதில்லை. வளையங்கள் சிதறுகின்றன, சிலவற்றை மீண்டும் பொறுக்கிக்கொள்ளலாம். பார்க்க நேரம் தராத ஆட்டம், பாராமல் மோதியதற்கான தண்டனையைக் குறைத்துக்கொண்டது. பள்ளங்கள் மட்டும் வளையத்தை மதிப்பதில்லை. இவ்வாட்டத்தைக் குறைகூறுவோர் அடிக்கடி சுட்டுவதும் ஓட்டத்தின் முடிவில் காத்திருக்கும் பள்ளங்களையே.

1992இல் வெளிவந்த சோனிக்கின் இரண்டாம் ஆட்டத்தினது 8 பிட் வடிவம் இன்னும் தெளிவான சான்று. அது தொலைக்காட்சியில் ஆடும் மாஸ்டர் சிஸ்டத்திலும் கையடக்கக் கருவியான கேம் கியரிலும் வந்தது. முன்னதன் திரை 256×192 படப்புள்ளிகள்; பின்னதன் திரை 160×144. உலகம் சுருக்கப்படவில்லை, சாளரம் மட்டும் சுருங்கியது. பரப்பளவில் பாதிக்கும் குறைவே தெரிகிறது. முதல் மண்டலத்தின் முடிவில் சரிவொன்றில் நின்று, துள்ளிவரும் உருண்டைகளைத் தவிர்க்கவேண்டிய இடம், கேம் கியரில் அது வந்த காலந்தொட்டே கொடுமைக்குப் பெயர்பெற்றது. உருண்டை கண்ணில் படுவதும் காலில் படுவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. கடினம் என்பது ஆட்டத்தின் உள்ளே மட்டும் இருப்பதன்று, அது காட்டப்படும் கண்ணாடியிலும் இருக்கிறது என்பதை இதனைவிட எளிதாக விளக்க இயலாது. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிக்கென உருவான ஆட்டத்தை இன்றைய தட்டைத்திரையில் ஆடும்போது, திரை படத்தைச் செயற்படுத்த எடுத்துக்கொள்ளும் சில சட்டகத் தாமதமும் இவ்வகைப்பட்டதே. அங்கு ‘நான் அழுத்தினேன்’ என்னும் வழக்கில் ஆடுபவர் கூறுவது முற்றிலும் உண்மை.

ஆட்டம் சொல்லும் பொய்

இதுவரை கூறியவற்றால், ஆட்டம் உண்மையாக நடந்துகொண்டால் ஆடுபவர் நிறைவடைவார் என்று தோன்றலாம். நிலைமை அதற்கு நேர்மாறானது. நன்றாக ஆடக்கூடிய தளத்தாவல் ஆட்டங்கள் பெரும்பாலும் ஆடுபவரிடம் பொய் சொல்கின்றன. அதுவும் அவருக்குச் சார்பாக.

மேடி தோர்சன், நோயல் பெர்ரி ஆகியோரின் குழு 2018இல் வெளியிட்ட செலஸ்ட் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. மேடலின் என்னும் பெண் ஒரு மலையின்மீது ஏறுவதே ஆட்டம். கடினத்திற்குப் பெயர்பெற்ற இவ்வாட்டத்தில் பாத்திரத்தை இயக்கும் குறிமுறையை அதன் ஆக்குநர்களே பொதுவில் வெளியிட்டுள்ளனர். அதனை வாசிப்பவர் முதலில் காண்பது இரக்கத்தையே. மேடையின் விளிம்பைக் கடந்து விழத் தொடங்கிய பின்னரும் 0.1 நொடி வரை மேடலின் தாவலாம். கேலிச்சித்திரப் படங்களில் பாறை விளிம்பைத் தாண்டியும் சிறிதுநேரம் விழாமல் ஓடும் ஓநாயை நினைந்து வடிவமைப்பாளர்கள் இதனைக் ‘கயோட்டி நேரம்’ என்பர். மேடலினின் ஓட்டவேகம் நொடிக்கு 90 படப்புள்ளிகள். ஆகவே விளிம்புக்கு அப்பால் ஏறத்தாழ 9 படப்புள்ளிகள் வரை இவ்விலக்கு நீள்கிறது. அவ்வாட்டத்தில் ஒரு கட்டத்தின் அகலமே 8 படப்புள்ளிகள்தாம். ஒரு முழுக்கட்ட அகலத்திற்கு மேல் வெறுங்காற்றில் நின்று தாவியவர், விளிம்பிலிருந்து தாவியதாகவே நம்புகிறார்.

வேறு சில சலுகைகளும் உண்டு. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொத்தானை அழுத்தினாலும் ஆட்டம் அதனை நினைவில் வைத்து, தொட்டவுடன் தாவச்செய்கிறது. மேலே தாவும்போது தலை ஒரு மூலையில் 4 படப்புள்ளிகள் வரை இடித்தால் பாத்திரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி வழிவிடுகிறது. முள்ளின் மோதல் எல்லையை வரையப்பட்ட முள்ளைவிடச் சிறிதாகவும், பரிசின் எல்லையை வரையப்பட்ட பரிசைவிடப் பெரிதாகவும் அமைப்பது இத்துறையில் பரவலான வழக்கம்.

இவை ஏன் தேவைப்படுகின்றன? ஆடுபவர் விளிம்பைத் தம் மனத்தில் காண்கிறார். இயந்திரமோ எண்களில் காண்கிறது. திரையின் தாமதம், விரலின் தாமதம், படத்திற்கும் மோதல் எல்லைக்கும் உள்ள வேறுபாடு ஆகியவை சேர்ந்து இவ்விரண்டுக்கும் இடையே ஒரு பிளவை உண்டாக்குகின்றன. பாண்டி ஆட்டத்தில் கோட்டை மிதித்தாளா இல்லையா என்பதைச் சுற்றி நிற்போர் பேசித் தீர்ப்பர். ஐயமிருந்தால் இன்னொரு வாய்ப்பு தருவர். இயந்திரத்தோடு பேச இயலாது. ஆகவே அப்பேச்சை முன்கூட்டியே ஆடுபவருக்குச் சார்பாக முடித்து, குறிமுறைக்குள் எழுதிவைத்துவிடுகின்றனர். நேர்மை என்று ஆடுபவர் உணர்வது இங்கு அளவுகோலின் துல்லியமன்று. அவர் எண்ணியது நடந்தது என்பதே அவருக்கு நேர்மை. படப்புள்ளி தவறாமல் உண்மை பேசும் ஆட்டமே அழுகுணி ஆட்டமாகத் தோன்றுகிறது. ஸ்டீவ் ஸ்விங்க் 2009ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் ‘ஆட்ட உணர்வு’ எனப் பெயரிட்டு ஆராயும் பொருளின் பெரும்பகுதி இத்தகைய காணாச் சிறு ஏற்பாடுகளால் ஆனது.

கற்பித்தலும் நம்பிக்கை முறிவும்

சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதற்களம் பலராலும் ஆராயப்பட்டது. மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் அதனைக் குறித்து நேர்காணல்களில் விளக்கியுள்ளனர். மாரியோ இடப்புறம் நின்று வலப்புறம் நோக்குகிறார். வலப்புறம் வெற்றிடம் இருப்பதால் செல்லவேண்டிய திசை சொல்லாமலே விளங்குகிறது. முதற்பகை நடந்துவருகிறது, தாவாமல் நிற்பவர் தோற்கிறார், ஆனால் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே தோற்பதால் இழப்பு ஏதுமில்லை. பெட்டியிலிருந்து வெளிவரும் காளான் வலப்புறம் நகர்ந்து குழாயில் மோதித் திரும்புகிறது; பகை என்று அஞ்சி விலக முயல்பவரும் அதனைத் தீண்டிப் பெரிதாகிவிட வாய்ப்பு மிகுதி. களத்தின் இறுதியில் இரட்டைப் படிக்கட்டு ஒன்று நடுவே தரையோடும், அதனை அடுத்து இன்னொன்று நடுவே பள்ளத்தோடும் வருகின்றன. முதலதில் தவறினால் ஏறி வரலாம். அங்கே பழகியதை இரண்டாவதில் உயிரைப் பணயம் வைத்துச் செய்யவேண்டும்.

இந்தியாவில் 1990களிலும் அதன் பின்னரும் ‘டிவி கேம்’ என்ற பெயரில் விற்கப்பட்ட போலிக் கருவிகளிலும் கேசட்டுகளிலும் இவ்வாட்டம் இருந்தது. என் தலைமுறையினர் பலருக்கு அது கையேடு இன்றியே கிடைத்தது. ஒரு வரி விளக்கம் இல்லாமலும் எங்களால் அதனை ஆட முடிந்ததற்குக் காரணம் மேற்கூறிய அமைப்பே என்பதைப் பின்னாளில்தான் உணர முடிந்தது.

இப்பாடங்களைத் தலைகீழாக்கியது 1986இல் ஜப்பானில் வெளிவந்த இரண்டாம் ஆட்டம். அதன் முதற்களத்திலேயே கொல்லும் நச்சுக்காளான் வருகிறது. தாவும் வழியில் கண்ணுக்குத் தெரியாத பெட்டிகள் தலையில் இடித்துப் பள்ளத்தில் தள்ளுகின்றன. முன்னைய ஆட்டத்தில் பல உலகங்களைத் தாண்டிச்செல்ல உதவிய இரகசியக் குழாய், இங்கு ஓரிடத்தில் ஆடுபவரை முதல் உலகத்திற்கே திருப்பி அனுப்புகிறது. முதலாட்டத்தில் தேர்ந்தவர்களுக்கென்றே இது விற்கப்பட்டது. அவர்களுக்கு இது ஒரு குறும்பு. நம்பிக்கை முறிக்கப்படுவதே வேடிக்கை. அந்த நம்பிக்கையை ஈட்டாத புதியவருக்கோ வெறும் வஞ்சகம். அமெரிக்காவில் இது அப்போது வெளியிடப்படாமல், 1988இல் வேறோர் ஆட்டம் அதே தலைப்பில் மாற்றித் தரப்பட்டது. அங்குள்ளோர் 1993இல் ஒரு தொகுப்பின் பகுதியாகவே இதனை அதிகாரப்பூர்வமாகப் பெற்றனர். என் கணிப்பில், கண்ணுக்குத் தெரியாத பெட்டியை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது. நச்சுக்காளான் நிறத்தால் வேறுபடுகிறது, ஒருமுறை ஏமாந்தவர் பிறகு கவனிப்பார். தெரியாத பெட்டியிலிருந்து கற்பதற்கு அதன் இருப்பிடத்தைத் தவிர வேறொன்றுமில்லை.

தோல்வியின் விலை

மூன்று உயிர்கள் என்னும் மரபு நாணயம் போட்டு ஆடும் கடைகளில் உருவானது. தோல்வி விரைந்து வந்தால்தான் அடுத்த நாணயம் விழும். அந்த வணிகத்தேவை இல்லாத வீட்டு ஆட்டங்களும் நெடுங்காலம் அம்மரபைச் சுமந்தன. காப்காமின் கோஸ்ட்ஸ் என் காப்ளின்ஸ் (1985) ஆட்டம், முழுவதையும் முடித்தவரை மீண்டும் தொடக்கத்திலிருந்து இன்னொருமுறை முடிக்கச் சொல்லி, அதன்பிறகே உண்மையான முடிவைக் காட்டுகிறது.

எளிய கணக்கொன்று இதன் விளைவை விளக்கும். ஓர் இடரைக் கடக்க 20 முயற்சிகள் தேவை எனக் கொள்வோம். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் அவ்விடத்தை அடைய 3 நிமிடம் நடக்கவேண்டுமாயின் ஒரு மணிநேரம் செலவாகும். அதில் மிகப்பெரும்பகுதி முன்பே கற்றதைத் திரும்பச் செய்வது. 5 நொடியில் அடையலாமெனில் மொத்தம் 100 நொடிகள். இடரின் கடினம் இரண்டிலும் ஒன்றே. எட்மண்ட் மெக்மில்லனும் டாமி ரெஃபெனஸும் உருவாக்கிய சூப்பர் மீட் பாய் (2010) இவ்விரண்டாம் வழியைத் தேர்ந்தது. களங்கள் சிறியவை, செத்த கணமே பாத்திரம் மீண்டும் தொடக்கத்தில் நிற்கிறது. களத்தை முடித்ததும் முன்னைய முயற்சிகள் யாவும் ஒரே நேரத்தில் திரையில் ஓடிக் காட்டப்படுகின்றன. செத்தவர்கள் திரளாக ஓடிச் செத்துக்கொண்டே வர, ஒருவர் மட்டும் கரைசேர்கிறார். தோல்விகள் மறைக்கப்படாமல் காட்சியாக்கப்படும் அவ்விடத்தில் ஆடுபவர் பெரும்பாலும் சிரிக்கிறார்.

விலையைக் கூட்டியே இன்பம் தர முயன்ற ஆட்டமும் உண்டு. பென்னட் ஃபாடியின் 2017ஆம் ஆண்டு ஆட்டமொன்றில், பானைக்குள் அமர்ந்த மனிதன் சுத்தியலை ஊன்றி மலையேறுகிறான். ஒரு சறுக்கலில் பல மணிநேர உழைப்பு போகலாம். ஆயினும் சுத்தியல் ஒருபோதும் விதி மாறுவதில்லை; இழப்பு நேரும் என்பதும் தொடக்கத்திலேயே மறைவின்றிப் புலனாகிறது. விலை கடுமையானது, ஆனால் ஒளிக்கப்படவில்லை.

உப்புக்குச் சப்பாணி

கடினத்தை மாற்றும் உரிமை ஆடுபவருக்கு வேண்டுமா என்பது இன்று ஆய்வாளரும் ஆடுவோரும் முரண்படும் வினா. செலஸ்ட் ஆட்டத்தில் ‘உதவி நிலை’ ஒன்று உண்டு. அதன்வழி ஆட்டத்தின் வேகத்தைப் பத்துப்பத்து விழுக்காடாகப் பாதிவரை குறைக்கலாம். பற்றி ஏறும் வலிமை தீராமல் செய்யலாம். சாவே இல்லாமலும் செய்யலாம். கதையின் எப்பகுதியும் இதனால் மறுக்கப்படுவதில்லை. விரல்களை விரைந்து இயக்க இயலாத ஒருவருக்கு, மலையுச்சியைக் காண்பதற்கும் காணாமலே விடுவதற்கும் இடையே இருப்பது இந்நிலைதான்.

நம் தெருவிளையாட்டுகளிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. வயதில் சிறிய குழந்தையை ‘உப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வர். அக்குழந்தை பிடிபட்டாலும் ஆட்டமிழப்பதில்லை. ஆயினும் மற்றவரோடு ஓடுகிறது. ஏற்பாடு அன்பானது, பெயரோ உடற்குறையைக் கேலி செய்வது. செலஸ்டிலும் இதனையொத்த சிக்கல் நேர்ந்தது. உதவி நிலையைத் தேர்வோருக்கு முதலில் காட்டப்பட்ட அறிவிப்பு, கடினமே இவ்வாட்டத்தின் உயிர் என்றும் முதல்முறை உதவியின்றி ஆடுவதே தகும் என்றும் பொருள்படும்படி அமைந்திருந்தது. வேறு வழியே இல்லாதவருக்கு அவ்வரிகள் ஒரு குத்தல். 2019இல் ஆக்குநர்கள் அவ்வறிவிப்பை மாற்றியமைத்தனர். வசதிகளில் எதுவும் குறையவில்லை, சொற்கள் மட்டுமே மாறின.

உதவி நிலையை எதிர்ப்போர், அது சாதனையின் மதிப்பைக் குறைக்கிறது என்பர். இவ்வாதத்தை மேலே கண்ட 0.1 நொடியோடு வைத்துப் பார்க்கவேண்டும். உதவி நிலையைத் தொடாமல் உச்சியை அடைந்தவரும் வழியெங்கும் வெறுங்காற்றில் நின்று தாவியவரே. அவருக்கு அது தெரிவிக்கப்படவில்லை, அவ்வளவே. ஆட்டத்தின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தவருக்கு அதே 0.1 நொடி, கடிகாரக் கணக்கில் 0.2 நொடியாக நீள்கிறது.